ஜவோர்ஸ்கி: கோச்சா, கூட்டத்தின் ஆளா?

கடலோடி (இழையைத் தொடங்கியவர்)

கப்பல் வேலைக்குப் போனவர்கள் எல்லாருக்கும் பிலிப்பினோக்களைத் தெரியும். நான் தூத்துக்குடிக்காரன், எஞ்சின் ரூம் ஆள். இந்த ட்ரிப்பில் எங்கள் கப்பலில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நிலக்கரி இறக்கி, ஹோல்டை (சரக்கு அறையை) கழுவிவிட்டால் போதும், அன்று சாயங்காலமே அதற்குள் கூடைப்பந்து. பழைய பைப்பை வளைத்து ஃபிட்டர் வெல்டு வைத்த வளையம், பெயிண்ட் அடித்த பலகை, அவ்வளவுதான் கோர்ட்.

அந்தக் கூட்டத்தில் போசன் (டெக் ஆட்களின் மேஸ்திரி) ஒருவர், ஓய்வு பெறுகிற வயது. ஆட மாட்டார். ஓரமாக ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து யார் இறங்க வேண்டும், யார் ஏற வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய அணி தோற்கிற நிலைக்கு வந்துவிட்டால் மெதுவாக எழுந்து சட்டையைக் கழற்றுவார். உடனே ஹோல்டுக்குள் எல்லாரும் "ஜாவோ! ஜாவோ!" என்று கத்துவார்கள். எதிரணிப் பையன்களும் சேர்ந்து கத்துவதுதான் எனக்குப் புதிராக இருந்தது.

விசாரித்தேன். ஜாவோ என்றால் ராபர்ட் ஜவோர்ஸ்கி, பிலிப்பைன்ஸின் கூடைப்பந்து நட்சத்திரம். 1946-ல் பாகியோ நகரில் பிறந்தவர். அப்பா போலந்து வம்சாவளி அமெரிக்கர், அம்மா அந்நாட்டு இலோகானோ இனத்தவர். யுனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட், மெரால்கோ, டொயோட்டா என்ற அணிகளில் ஆடிவிட்டு, 1985-ல் ஜினெப்ரா அணிக்குக் கோச் ஆனார். கோச் ஆன பிறகும் ஆட்டத்தை விடவில்லை. 1997-ல், 51 வயதில்கூட ஜெர்சி போட்டுக் களத்தில் இறங்கியிருக்கிறார். அடுத்த வருடம் செனட்டர்.

இங்கே கூடைப்பந்து தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். ஆட்டக்காரராக அவர் பெரிய ஆள், அதில் சந்தேகமில்லை. கோச்சாக எப்படி? போசனிடம் கேட்டால் கும்பிடுகிறாரே தவிர பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்.

சும்மா வந்தவன்

ஜினெப்ரா என்றால் ஜின் தானே? சாராயக் கம்பெனிப் பேரிலா அணி வைத்திருக்கிறார்கள்?

மணிலா ரிட்டர்ன்

ஆமாம் சார், ஜின் தான். நான் அங்கே மருத்துவம் படித்தவன், அதனால் இந்த வகுப்பை நான் எடுக்கிறேன்.

பிபிஏ (பிலிப்பைன் பாஸ்கட்பால் அசோசியேஷன்) என்பது 1975-ல் தொடங்கிய லீக். ஆசியாவில் கூடைப்பந்துக்கு வந்த முதல் தொழில்முறை லீக் அதுதான். நம் ஐபிஎல் போல ஊர்ப்பேரில் அணி கிடையாது, எல்லாம் கம்பெனிப் பேர். கம்பெனி புதுச் சரக்கு விற்கத் தொடங்கினால் அணியின் பேரும் மாறிவிடும். ஜவோர்ஸ்கி இருந்த அணியையே பாருங்கள். கில்பிஸ் ஜின், பிறகு ஜினெப்ரா சான் மிகேல், பிறகு அனெஹோ ரம், மறுபடி ஜினெப்ரா, பிறகு டொண்டேனா ரம், பிறகு கோர்டன்ஸ் ஜின். இத்தனை முறை பேர் மாறியும் ரசிகன் மாறவில்லை. ஏன்? அவன் ஜின்னுக்கா கை தட்டினான்? அவனுக்கு அது ஜாவோவின் டீம்.

வருடத்துக்கு ஒரு கோப்பை இல்லை, அப்போதெல்லாம் மூன்று. ஒவ்வொன்றையும் 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். ஒன்றில் உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் ஆடலாம். மற்றதில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்கலாம், அவர்களுக்குப் பேரே 'இம்போர்ட்'. துறைமுகத்தில் சரக்கு வந்து இறங்குகிற மாதிரி இருக்கும்.

ஜினெப்ரா ரசிகர்கள் என்றால் ஜீப்னி (அந்த ஊர் ஷேர் வண்டி) ஓட்டுபவர்கள், சந்தையில் மீன் விற்கிறவர்கள், வீட்டுவேலை செய்கிற பெண்கள், இப்படிப்பட்டவர்கள். நான் தங்கியிருந்த வீட்டில் சமையல் பார்த்த அம்மா ஜினெப்ரா ஆட்டம் நடக்கும் நாளில் சோற்றை அடி பிடிக்க விட்டுவிடுவார். நாங்களும் ஒன்றும் சொல்வதில்லை. 'பரங்காய் ஜினெப்ரா' என்பார்கள். பரங்காய் என்றால் ஊர், பேட்டை. இப்போது அணியின் அதிகாரப்பூர்வப் பேரே அதுதான்.

கணக்குப்பிள்ளை

உணர்ச்சியெல்லாம் சரி. எண்ணிக்கையைப் பார்ப்போமா?

1985 முதல் 1998 வரை கோச். வருடத்துக்கு மூன்று என்றால் சுமார் 40 கோப்பைகளுக்கு மோதியிருக்கிறார். ஜெயித்தது நான்கு: 1986, 1988, 1991, 1997. பத்துக்கு ஒன்று. அதே லீக்கில் பேபி டலூபான் 15 கோப்பை வாங்கியவர். சான் மிகேல் அணியில் நார்மன் பிளாக், 1989-ல் ஒரே வருடத்தில் மூன்றையும் தூக்கினார். 1996-ல் அலாஸ்காவை வைத்து டிம் கோன் அதையே செய்தார்.

1991-க்கும் 1997-க்கும் நடுவே ஆறு வருடம் வறட்சி. வேறு எந்தக் கோச்சாக இருந்தாலும் இரண்டாவது வருடமே பெட்டியைக் கட்டியிருப்பார். இவருக்கு மட்டும் வேலை நிலைத்தது. காரணம் கோச்சிங் இல்லை, டிக்கெட் விற்பனை. கடலோடி அண்ணே, போசன் பதில் சொல்லாததற்கும் காரணம் இதுதான்.

ரீபவுண்ட் ராணி

பிள்ளைவாள், எண்ணிக்கை சரி. ஆனால் அது எதை எண்ணுகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

நான் பல்கலைக்கழக அளவில் ஆடினேன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருமுறை மாவட்டப் போட்டியொன்றில் ஆள் பற்றாமல் கோச்சாக இருந்துகொண்டே ஆடவும் செய்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், இரண்டையும் ஒன்றாகச் செய்வது மகா கஷ்டம். பெஞ்சில் உட்கார்ந்தால் பத்துப் பேரும் கண்ணுக்குத் தெரிவார்கள். களத்தில் நின்றால் என்னைக் காக்கிற ஒருத்தியின் முழங்கைதான் தெரியும். மூச்சு வாங்கும்போது யாருக்கு எத்தனை ஃபவுல் என்று எப்படிக் கணக்கு வைப்பது? பாதி நேரம் நான் யாரை வெளியே எடுத்தேன் என்பதே எனக்கு மறந்துபோனது. அதில் கொடுமை, என்னை வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில் என்னை எடுக்க எனக்கே மனம் வரவில்லை.

ஜவோர்ஸ்கியிடம் எனக்குப் பிடித்தது அவர் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியதுதான். வயது ஏற ஏற அவர் ஆடிய நிமிடங்கள் குறைந்தன. ஆனால் எப்போது இறங்குவது என்பதைக் கடைசித் துருப்புச்சீட்டு மாதிரி கையிலேயே வைத்திருந்தார். அணி பின்தங்கும், அரங்கம் அவர் பேரைச் சொல்லிக் கத்தத் தொடங்கும், இவர் கேட்காதது போல் உட்கார்ந்திருப்பார். கத்தல் இன்னும் ஏறும். பிறகுதான் வார்ம்-அப் ஜாக்கெட்டைக் கழற்றுவார். அவர் பந்தைத் தொடுவதற்கு முன்பே எதிரணிக்குக் கை நடுங்கும், நடுவருக்கும் கொஞ்சம் நடுங்கும். நான்கு புள்ளி போடக்கூடிய இளைஞனை உட்காரவைத்துவிட்டு 45 வயதுக்காரர் தானே இறங்குவது காகிதத்தில் பார்த்தால் முட்டாள்தனம். ஆனால் அரங்கம் முழுவதையும் உள்ளே இறக்குகிறோம் என்று தெரிந்து செய்தால்? கோச் என்பவர் கையில் இருப்பதைத்தானே பயன்படுத்த வேண்டும். அவர் கையில் கூட்டம் இருந்தது.

சும்மா வந்தவன்

கடைசி சீன்ல ஹீரோ எண்ட்ரி. நமக்குத் தெரியாததா!

மட்டுநகரான்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தோடு வளர்ந்த ஆள் நான். எங்கட புனித மிக்கேல் கல்லூரியில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள் அமெரிக்க இயேசு சபைப் பாதிரிமார். பிலிப்பைன்சிலும் அதே சபைதான் அத்தேனேயோ கல்லூரியை நடத்துது. அதனால் அந்த நாட்டு ஆட்டக் கதைகள் எங்களுக்கு அந்நியமில்லை.

ஒரு விசயம் சொல்லவேணும். பிலிப்பைன்சில் ஆட்டக்காரர் பயிற்றுநராகிறது ஜவோர்ஸ்கியோடு தொடங்கின வழக்கம் இல்லை. கார்லோஸ் லொய்சாகா, 'காலோய்' என்று கூப்பிடுவார்கள். 1954 உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸ் வெண்கலம் எடுத்தபோது அந்த அணியின் பெரிய தூண் அவர்தான். ஆசிய நாடு ஒன்று உலகக் கோப்பையில் எடுத்த இடங்களில் இன்றுவரைக்கும் அதுதான் உயர்ந்தது. 1967-ல் சியோலில் நடந்த ஆசியக் கோப்பையை நாட்டுக்கு வென்று குடுத்த பயிற்றுநரும் அவரே. அந்த அணியில் 21 வயதுப் பெடியனாக ஆடினவர் ஜவோர்ஸ்கி. அடுத்த வருசம் மெக்சிகோ ஒலிம்பிக்குக்கும் போனார்.

இருபது வருசம் கழிச்சு லொய்சாகாவின்ர மகன்மார் இரண்டு பேர், சீத்தோவும் ஜோயியும், ஜினெப்ராவில் ஜவோர்ஸ்கிக்குக் கீழ ஆடினார்கள். தகப்பனிட்டப் படிச்சதை மகன்மாருக்குத் திருப்பிக் குடுத்திருக்கிறார். இதை வெற்றி விகிதத்தில் எப்பிடி எழுதுறது, கணக்குப்பிள்ளை ஐயா?

கணக்குப்பிள்ளை

எழுத முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுத முடிகிற சிலவற்றை நீங்கள் யாருமே எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

1971-ல் மெரால்கோவுக்கும் கிறிஸ்பாவுக்கும் நடந்த ஆட்டத்தில் ஜவோர்ஸ்கியும் அல்பெர்ட்டோ ரெய்னோசோவும் சேர்ந்து நடுவர்களை அடித்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, அடி. இருவருக்கும் ஆயுள் தடை. 1973-ல் ஆசியக் கோப்பை மணிலாவில் நடக்கவிருந்தது, தேசிய அணிக்கு ஆள் வேண்டும், தடை நீங்கியது. கோப்பையும் வந்தது. 'ஆயுள்' இரண்டு வருடம்கூட முழுதாக ஓடவில்லை.

கோச் ஆன பிறகாவது? 1990, முதல் கான்ஃபரன்ஸ் ஃபைனல், ஷெல் அணிக்கு எதிராக ஆறாவது ஆட்டம். நடுவர் தீர்ப்புகள் பிடிக்கவில்லை என்று இரண்டாம் குவார்ட்டர் முடிவதற்குள் ஜவோர்ஸ்கியின் அனெஹோ அணி களத்தை விட்டு வெளியேறியது. ஷெல்லுக்குக் கோப்பை அப்படியே போனது. காசு கொடுத்து ஃபைனல் பார்க்க வந்தவர்கள் பாதி ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அன்று எதிர்ப்பக்கம் நின்ற கோச் யார் தெரியுமா? டான்டே சில்வேரியோ. டொயோட்டாவில் ஜவோர்ஸ்கிக்கே கோச்சாக இருந்தவர்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ராணி மேடம் இதற்கு என்ன சொல்கிறார்?

ரீபவுண்ட் ராணி

என்ன சொல்ல? தப்பு. என் பிள்ளைகள் அப்படி வெளியேறினால் அந்த சீசனே அவர்களுக்குக் கிடையாது.

கடலோடி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வாட்ச் டியூட்டி முடிந்து இப்போதுதான் மேலே வந்தேன். சாட்டிலைட் இன்டர்நெட் தயவில் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை சொன்னது போசனுக்கும் தெரியும். அவர் அதற்கு வேறொரு கதை சொன்னார். டொயோட்டாவும் கிறிஸ்பாவும் ஆடுகிற நாளில் நாடே இரண்டாகப் பிரிந்துவிடுமாம். 1977 ஏப்ரலில் சீசனின் முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் இரு அணிக்கும் கைகலப்பு. அப்போது அதிபர் மார்கோஸின் இராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம். ஆட்டக்காரர்களை ஃபோர்ட் போனிஃபாசியோ முகாமில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். கூடைப்பந்து ஆடி முடித்தவன் இராணுவ முகாமில் தூங்குகிறான்! அந்தக் காலத்து ஆட்டத்தை இந்தக் காலத்து விதிப்புத்தகத்தை வைத்து அளக்காதே என்பது போசனின் வாதம். எனக்கு அது முழுதாக ஏற்கவில்லை, ஆனாலும் பதிவு செய்கிறேன்.

அடுத்த ஆண்டு, 1978-ல், ஜவோர்ஸ்கிதான் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். கார்டு, அதாவது பந்தை நடத்திச் செல்கிற ஆட்டக்காரர். உயரம் ஆறடி ஒரு அங்குலம். பாஸ் கொடுப்பதில் லீக்கின் மொத்தச் சாதனை இன்றும் அவரிடம்தான் இருக்கிறது, 5,825 அசிஸ்ட்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது டொயோட்டா கலைந்த கதை. 1983-ல் எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோ கொலைக்குப் பிறகு நாட்டின் பொருளாதாரம் விழுந்தது. டொயோட்டா கார்களை அங்கே தயாரித்த டெல்டா மோட்டார்ஸும் விழுந்தது. 1984 தொடக்கத்தில் அணியை ஒரு பீர் கம்பெனிக் கூட்டத்துக்கு விற்றுவிட்டார்கள், ஆட்டக்காரர்களோடு சேர்த்து. சந்தையில் மாட்டோடு கன்றையும் சேர்த்துக் கொடுப்பதுபோல. ஜவோர்ஸ்கி போக மறுத்துவிட்டார், கூடவே ஃபிரான்சிஸ் அர்னாய்ஸும். இருவரும் கில்பிஸ் ஜின்னுக்குப் போனார்கள். ரமோன் ஃபெர்னாண்டஸ் உட்பட மற்றவர்கள் பீர் அணிக்குப் போனார்கள். பத்து வருடம் ஒரே அணியில் ஆடிய ஜவோர்ஸ்கியும் ஃபெர்னாண்டஸும் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

1986-ல் ஜவோர்ஸ்கி கோச்சாக எடுத்த முதல் கோப்பை யாரைத் தோற்கடித்து என்று கேட்டேன். மணிலா பீர். அதாவது டொயோட்டாவை வாங்கிய அதே கம்பெனியின் அணி. போசன் இதைச் சொல்லும்போது தொடையைத் தட்டினார்.

மணிலா ரிட்டர்ன்

அந்த 1986 அணி வேறு ரகம், அண்ணே. மைக்கேல் ஹாக்கெட், பில்லி ரே பேட்ஸ் என்று இரண்டு இம்போர்ட். ஹாக்கெட் 1985 நவம்பரில் ஒரே ஆட்டத்தில் 103 புள்ளி போட்ட ஆள். பேட்ஸ் போர்ட்லேண்டில் என்பிஏ ஆடிவிட்டு வந்தவர். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு தோற்றால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஜினெப்ரா என்ற மதம் (வேறு சொல் கிடைக்கவில்லை) கோப்பையில் பிறக்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1985 அக்டோபர் 22-ல் பிறந்தது. எதிரணி நார்த்தர்ன் கன்சாலிடேட்டட். ரான் ஜேகப்ஸ் என்ற அமெரிக்கர் தேசிய அணிக்காகத் தயார் செய்துகொண்டிருந்த படை அது. ஜெஃப் மூர் என்பவரின் முழங்கை ஜவோர்ஸ்கியின் வாயில் பட்டு உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒன்பது தையல் போட்டார்கள். 39 வயது மனிதர், கோச் வேறு. வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்திருக்கலாம்.

திரும்பி அரங்கத்துக்கே வந்தார். அணி 15 புள்ளி பின்னால் கிடந்தது. வாயில் கட்டோடு அவர் உள்ளே நுழைந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. களத்தில் இறங்கினார். ஜினெப்ரா ஜெயித்தது. அன்றிலிருந்து அந்த அணிக்கு 'நெவர் சே டை' என்பதுதான் மந்திரம். இன்றைக்கும் டி-ஷர்ட்டில் போட்டு விற்கிறார்கள்.

படிப்பு முடித்து அவசரப் பிரிவில் வேலை பார்த்தபோது தையல் போட்ட ஒரு ட்ரைசிக்கிள் டிரைவர் என்னிடம் கேட்டார்: "டாக்டர், ஒன்பதா?" நான்குதான் போட்டிருந்தேன். அவருக்கு ஏமாற்றம்.

சும்மா வந்தவன்

😂 இன்னொரு ஐந்து போட்டு அனுப்பியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

அழகான கதைதான். ஆனால் மறுபடியும் கவனியுங்கள், அது ஆட்டக்காரரின் கதை. கேட்ட கேள்வி கோச்சைப் பற்றி. அந்தப் 15 புள்ளியைத் துரத்த என்ன உத்தி? யாரை எங்கே நிறுத்தினார்? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே.

ரீபவுண்ட் ராணி

சரி, உத்திக்கே வருவோம்.

ஜவோர்ஸ்கி படம் வரைந்து விளக்குகிற கோச் இல்லை. டிம் கோனின் முக்கோணத் தாக்குதல் போலப் பேர் வைத்த திட்டமும் இல்லை. அவருடைய அணிகள் உடம்பை வைத்து ஆடின. இறுக்கிக் காப்பது, முட்டுவது, பந்து கிடைத்ததும் ஓடுவது. அணியில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். சீத்தோ லொய்சாகாவும் டான்டே கொன்சால்கோவும் காவல்காரர்கள். ரூடி டிஸ்ட்ரிட்டோவுக்கு 'டெஸ்ட்ராயர்' என்றே பட்டப்பேர். பெரிய அணிகளில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஆட்களை வைத்து, எதிராளிக்கு அருவருப்பு வரும்வரை ஆடவைப்பது ஒரு திறமை. பிள்ளைகளுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். விழுந்த பந்துக்காகத் தரையில் பாயச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம், அது கோச்சைப் பார்த்துத்தான் வரும். ஒன்பது தையலோடு கோச் வந்து நின்றால், முழங்கால் சிராய்ப்பு என்று எவன் பெஞ்சில் உட்காருவான்?

இதற்குச் சாட்சி 1991. அதே ஷெல், அதே முதல் கான்ஃபரன்ஸ் ஃபைனல். முந்தின வருடம் வெளிநடப்பு செய்த அவமானம் அப்படியே இருக்கிறது. ஏழு ஆட்டத் தொடரில் 1-3 என்று பின்தங்கினார்கள். இன்னும் ஒன்று தோற்றால் முடிந்தது. மூன்றையும் ஜெயித்தார்கள். அதற்கு முன்பு பிபிஏ-வில் யாரும் அப்படி எழுந்து வந்ததில்லை. ஏழாவது ஆட்டம் 104-102. கடைசி நொடியில் விழுந்த பந்து டிஸ்ட்ரிட்டோவுடையது. நட்சத்திரம் இல்லை, டெஸ்ட்ராயர்!

வெளிநடப்பு தப்பு என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வருடம் கழித்து 1-3-ல் நிற்கும்போது அதே ஆட்கள் களத்தை விடாமல் நின்றார்களே, அதைச் செய்யவைத்தவரும் அதே கோச்தான்.

மட்டுநகரான்

ராணி அக்கா சொன்னதில் ஒரு துண்டு சேர்க்கிறன். வயசு போன காலத்தில் ஜவோர்ஸ்கி களத்தில் என்னதான் செய்தார் என்று கேட்பார்கள். கோட்டுக்கு வெளியில நின்று பந்தை உள்ள எறியிறது, அதுதான் அவரின்ர வேலை. ஓட வேண்டியதில்லை. யார் எங்க வெட்டி ஓடுவான் என்று ஒரு நொடி முந்தித் தெரிஞ்சால் போதும். கடைசி நொடிகளில் அணிக்கு வேண்டியதும் அந்த ஒரு பாஸ்தானே.

இதுக்கு அழகான உதாரணம் 1989-ல் நடந்த முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம். மூத்தவர்கள் ஒரு பக்கம், இளையவர்கள் மறுபக்கம். மூத்தவர்களுக்குப் பயிற்றுநர் டலூபான். ஜவோர்ஸ்கியைக் கல்லூரிக் காலத்தில் வளர்த்தவரும் அவர்தான், கிறிஸ்பாவில் இருந்து டொயோட்டாவை எதிர்த்தவரும் அவர்தான். ஆட்டம் சமநிலை, கடைசி நொடிகள். டலூபான் கிழவன் என்ன செய்தார்? பந்தை எறிய ஜவோர்ஸ்கி, வாங்கிப் போட ஃபெர்னாண்டஸ். வருசக்கணக்காக ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத இரண்டு பேர்.

பந்து போய்ச் சேர்ந்தது. பென்ஜி பாராஸ் என்ற இளம் உயரக்காரனுக்கு மேலால ஃபெர்னாண்டஸ் போட்டார். 132-130. ஆட்டம் முடிஞ்ச கையோட டலூபான் இரண்டு பேரையும் கைகுலுக்க வைச்சார்.

கடலோடி

இதைப் போசனிடம் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அவர் ஃபெர்னாண்டஸின் ஊரான செபூ பக்கம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பேசாமல் இருந்த காலத்தில்தான் 1988 கோப்பையும் வருகிறது என்றார். உள்ளூர்க்காரர்கள் மட்டும் ஆடும் கான்ஃபரன்ஸ், ஃபைனலில் ஜவோர்ஸ்கியின் அனெஹோவும் பியூர்ஃபுட்ஸும். அந்த வருடத் தொடக்கத்தில் பியூர்ஃபுட்ஸுக்கு ஆடிக்கொண்டே கோச்சாக இருந்தவர் ஃபெர்னாண்டஸ்! பிறகு கோச் பொறுப்பைக் கிரிஸ் கலிலானிடம் விட்டுவிட்டு ஆட மட்டும் செய்தார். ஃபைனல் தொடங்கியபோது அவர் மனதார ஆடவில்லை என்று சொந்த நிர்வாகமே சந்தேகப்பட்டு, அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டது. ஜவோர்ஸ்கி கோப்பையைத் தூக்கினார். ஃபெர்னாண்டஸை சான் மிகேலுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதில் ஒன்று எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் டொயோட்டா என்ற ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள். ஆட்டக்காரராகப் பார்த்தால் நான்கு முறை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஃபெர்னாண்டஸ் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆடிக்கொண்டே கோச்சாக இருக்கும் வேலை அவருக்குச் சில மாதம்கூட ஒட்டவில்லை. ஜவோர்ஸ்கிக்கு 13 வருடம் ஒட்டியது. பிள்ளைவாள், இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கணக்குப்பிள்ளை

நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை மடக்கப் பார்க்கிறீர்கள் 🙂

சரி, ஒரு படி இறங்குகிறேன். அவருடைய அணியில், அவருடைய கூட்டத்தின் முன்னால், அவர் நல்ல கோச். ஆனால் கூட்டம் இல்லாத இடத்தில்? 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டு. முதல்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுப்பலாம் என்று அனுமதி. கோச் ஜவோர்ஸ்கி. ஃபெர்னாண்டஸ், ஆலன் காய்டிக், சாம்பாய் லிம், ஆல்வின் பாட்ரிமோனியோ, பென்ஜி பாராஸ், ஹெக்டர் கால்மா என்று நாட்டின் மொத்தப் பலமும் கையில். நடுவிலே சீனாவிடம் ஒரு படுதோல்வி. ஃபைனலில் மறுபடி அதே சீனா, 90-76. வெள்ளி.

ரீபவுண்ட் ராணி

வெள்ளியைக் குறையாகச் சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான்! 1990-ல் சீனாவின் உயரத்தை ஆசியாவில் யார் வென்றார்கள்? 1962-ல் தங்கம் வாங்கிய பிறகு பிலிப்பைன்ஸ் ஆசிய விளையாட்டு ஃபைனலுக்கே வராமல் இருந்தது. ஃபெர்னாண்டஸை அந்த அணியில் சேர்த்து அழைத்துப் போனாரே, அது போதும் எனக்கு.

மணிலா ரிட்டர்ன்

அடுத்த தங்கம் எப்போது, யாரால் என்று சொல்லவா? 2023, ஹாங்சோ. ஃபைனலில் ஜோர்டானை 70-60 என்று வென்றார்கள். 61 வருடம் கழித்து. கோச் டிம் கோன். இப்போது ஜினெப்ராவின் கோச்சும் அவரே!

பிள்ளைவாள் முதலில் கோனைத்தானே ஒப்பிட்டார்? 1996-ல் மூன்று கோப்பையையும் எடுத்த கோன், அடுத்த வருடம் கமிஷனர்ஸ் கப் (மூன்று கான்ஃபரன்ஸில் ஒன்று) ஃபைனலுக்கு அதே அலாஸ்காவோடு வந்தார். எதிரே ஜவோர்ஸ்கியின் கோர்டன்ஸ் ஜின். மார்லூ அக்கினோ, நோலி லொக்சின், பால் டேவிட், வின்ஸ் ஹைசன் என்று இளம் பட்டாளம். அவர்களில் பலர் பிறந்தபோது ஜவோர்ஸ்கி ஏற்கெனவே தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். 4-2. அதுதான் நான்காவது கோப்பை, கடைசியும்கூட. ஆறு வருட வறட்சி அங்கே முடிந்தது.

தன்னைத் தோற்கடித்தவரின் நாற்காலியில்தான் கோன் இன்று உட்கார்ந்திருக்கிறார். கூரைக்குக் கீழே 7-ம் நம்பர் ஜெர்சி. 2012-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், வேறு யாரும் போட முடியாது.

சும்மா வந்தவன்

செனட்டர் ஆனாரே, அதில் என்ன சாதித்தார்?

மணிலா ரிட்டர்ன்

1998-ல் அதிபர் வேட்பாளர் எஸ்ட்ராடாவின் அணியில் நின்று ஜெயித்தார். 2004-ல் மறுபடி நின்றார், தோற்றார். மாமனார் ரமோன் ரெவில்யா சினிமாக்காரர், அவரும் செனட்டர். இதற்கு மேல் போனால் இழைக்குப் பூட்டு விழும், விட்டுவிடுவோம்.

கணக்குப்பிள்ளை

என் கடைசிக் கேள்வி கடலோடிக்கு. ஆட்டம் பார்த்த தலைமுறை ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கிறார். 'கும்பிடுகிறார், பதில் சொல்லவில்லை' என்று தொடங்கினீர்கள். இவ்வளவும் படித்துக் காட்டிய பிறகாவது ஏதாவது சொன்னாரா?

கடலோடி

கேட்டேன். நேற்று சாயங்காலம் ஹோல்டில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டேன். அவர் அணி எட்டுப் புள்ளி பின்னால். "போசன், ஜாவோ நல்ல கோச்சா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பையன்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். இறங்கி, ஓரக் கோட்டுக்கு வெளியே போய் நின்று, பந்தைக் கேட்டு வாங்கினார்.

தோற்றுவிட்டார்கள், மூன்று புள்ளியில்.